இலைச்சாறும் எஃகும்

பட்டினப்பாக்கத்தில் குடியிருப்போருக்குத் துருவைப் பற்றி எவரும் பாடம் புகட்டத் தேவையில்லை. சாந்தோமுக்கும் அடையாற்று முகத்துவாரத்திற்கும் இடையே, கடலைப் பார்த்தபடி அமைந்த இப்பகுதியில் சன்னல் கம்பியும், கதவுத் தாழ்ப்பாளும், குழந்தையின் மிதிவண்டிச் சங்கிலியும் எவ்வளவு விரைவில் செந்நிறம் கொள்கின்றன என்பதை இங்குள்ள ஒவ்வொரு தாயும் அறிவாள். மாம்பலத்தில் பத்தாண்டு உழைக்கும் ஓர் இரும்புக் கதவு, கடலோரத்தில் அதில் பாதிக் காலம் தாங்கினாலே பெரிது என்பார்கள்.

இவர்களைக் காட்டிலும் துருவின் கொடுமையை நன்கு உணர்ந்தவர்கள் கடைசல் பட்டறைத் தொழிலாளிகள். சனிக்கிழமை மாலையில் கண்ணாடிபோல் பளபளக்கக் கடைந்து வைத்த எஃகுத் தண்டு, திங்கட்கிழமை காலையில் செம்புள்ளிகளோடு கிடக்கும். ஒரு மில்லி மீட்டரில் நூற்றில் ஒரு பங்கு பிசகினாலும் பொருந்தாத பாகங்கள் அவை. மேலே படிந்த துருவைத் தேய்த்து எடுத்தால் அளவு குறைந்துவிடும். தேய்க்காமல் விட்டால் பேரிங்கில் ஏறாது. இரண்டு நாள் உழைப்பும் பொருளும் ஒருசேர வீணாகும். சிறு பட்டறை நடத்தும் குடும்பத்திற்கு இது சிறிய இழப்பன்று.

இத்தகைய எஃகுப் பரப்பை இலைச்சாற்றாலும் மரப்பட்டைக் கஷாயத்தாலும் காக்க முடியும் என்று விஞ்ஞானிகள் சிலர் சொல்லி வருகின்றனர். கேட்டவுடன் நமக்கு நகைப்புத் தோன்றலாம். ‘கறிவேப்பிலையா இரும்பைக் காப்பாற்றும்?’ என்று வினவலாம். வேறு சிலர், இயற்கைப் பொருள் என்றதுமே எதையும் நம்பிவிடுவர். இவ்விரு மனப்பான்மையும் வேண்டா. உண்மை எந்த அளவில் உள்ளதென்று பொறுமையோடு ஆராய்ந்து பார்ப்போம்.

துரு பிறக்கும் விதம்

பூமியிலிருந்து இரும்பைத் தனி உலோகமாக நாம் பெறுவதில்லை. பிராணவாயுவோடு கூடிய தாதுவாகவே அது கிடைக்கிறது. உலையிலிட்டுப் பெரும் வெப்பத்தைச் செலவிட்டு அந்தப் பிராணவாயுவைப் பிரித்த பின்னரே அது இரும்பாகிறது. ஆகவே, வாய்ப்புக் கிடைத்தபோதெல்லாம் பழைய நிலைக்கே திரும்ப விழைவது அதன் இயல்பு. அவ்வாறு திரும்பும் வழிதான் துரு.

இந்த மாற்றம் ஒரு சிறிய மின்கலத்தைப் போன்றது. எஃகின் மேல் மெல்லிய நீர்ப்படலம் படிந்ததும் ஓரிடத்தில் இரும்பு கரைந்து மின்னேற்றம் பெற்ற அணுக்களாக நீரில் இறங்குகிறது. அங்கு விடுபட்ட எலெக்ட்ரான்கள் உலோகத்தின் வழியே மற்றோரிடத்திற்குச் சென்று, காற்றிலிருந்து நீரில் கரைந்துள்ள பிராணவாயுவைச் சேருகின்றன. இவ்விரண்டின் விளைவுகளும் கலந்து செந்நிறத் துருவாகப் படிகின்றன. ஆக, துரு உண்டாவதற்கு நீரும் வேண்டும், பிராணவாயுவும் வேண்டும். இரண்டில் ஒன்றைத் தடுத்தாலும் துரு நின்றுவிடும்.

கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு நீர் இருக்க வேண்டுமென்பதில்லை. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 60 விழுக்காட்டைத் தாண்டினாலே, கண்ணுக்குப் புலப்படாத நீர்ப்படலம் உலோகத்தின் மேல் போதிய அளவில் படிந்து விடுகிறது. சென்னைக் கடற்கரையில் ஆண்டின் பெரும்பகுதி ஈரப்பதம் இந்த அளவுக்கு மேலேயே இருக்கின்றது. அதோடு அலைகள் உடையும்போது எழும் நுண்ணிய உப்புத் துளிகள் காற்றோடு வந்து எதன் மேலும் படிகின்றன. உப்பு தானே ஈரத்தை ஈர்க்கும் தன்மையுடையது. மின்சாரம் எளிதில் பாயவும் வழி செய்கிறது. கரையிலிருந்து முதல் சில நூறு மீட்டருக்குள் இந்த உப்புப் படிவு மிக அதிகம். உள்ளே செல்லச் செல்ல வெகு விரைவாகக் குறைந்துவிடும்.

புதிதாகக் கடைந்த எஃகுக்கு மற்றுமோர் ஆபத்து உண்டு. உருக்காலையிலிருந்து வரும் எஃகுக் கம்பியின் மேல் கரிய செதிள் ஒன்று மூடியிருக்கும். கடைசல் உளி அதனைச் சீவி எறிந்து, போர்வையற்ற புத்தம் புதிய உலோகத்தை வெளிப்படுத்துகிறது. உளி சென்ற வழியில் நுண்ணிய வரிப்பள்ளங்கள் விழுகின்றன. அவற்றில் ஈரம் தங்குகிறது. அதன்மேல் தொழிலாளியின் வியர்வை படிந்த விரல் பட்டாலோ, அந்த வியர்வையிலுள்ள உப்பு அவர் கைரேகையையே துருவாக வரைந்து விடுகிறது. சிலருக்கு இயல்பாகவே வியர்வையில் உப்பு மிகுதி. அத்தகையோர் தொட்ட பாகங்கள் மட்டும் துருப்பிடிப்பதைப் பட்டறைக்காரர்கள் நன்கு அறிவார்கள். அது அத்தொழிலாளியின் குற்றமன்று, உடலின் அமைப்பு. அவரைக் கடிந்து கொள்வதை விடுத்து ஒரு சோடிக் கையுறை வாங்கித் தருவதே அறிவுடைமை.

இழப்பின் அளவு

உலக அரிப்புப் பொறியாளர் சங்கம் 2016ஆம் ஆண்டில் ஒரு விரிவான அறிக்கையை வெளியிட்டது. 2013ஆம் ஆண்டுக் கணக்கின்படி, உலோக அரிப்பால் உலகம் ஓராண்டில் இழந்த தொகை 2.5 இலட்சம் கோடி டாலர் என அது மதிப்பிட்டது. உலக நாடுகள் அனைத்தின் மொத்த உற்பத்தி மதிப்பில் இது 3.4 விழுக்காடு. அறிந்த தடுப்பு முறைகளை ஒழுங்காகக் கையாண்டிருந்தால் மட்டுமே அதில் 15 முதல் 35 விழுக்காடு வரை மிச்சப்பட்டிருக்கும் என்றும் அவ்வறிக்கை கூறிற்று. அதாவது, புதிதாக எதையும் கண்டுபிடிக்காமலே, இருக்கும் அறிவைப் பயன்படுத்தினால் போதும் என்பது பொருள்.

நம் நாட்டு எடுத்துக்காட்டு வேண்டுமானால் பாம்பன் பாலத்தைப் பாருங்கள். 1914இல் திறக்கப்பட்ட அந்த இரும்புப் பாலம் உலகிலேயே மிகுந்த அரிப்பு நிகழும் கடற்பகுதிகளுள் ஒன்றில் நூறாண்டுக்கு மேல் நின்றது. ஓயாமல் சுரண்டுதலும் வர்ணம் பூசுதலும் அதற்கு உயிர் கொடுத்து வந்தன. இருப்பினும் துருவின் கை ஓங்கவே, 2022 டிசம்பரில் அதன்மேல் இரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. அதனருகே எழுப்பப்பட்ட புதிய பாலம் 2025 ஏப்ரல் 6ஆம் நாள் திறந்து வைக்கப்பட்டது.

அவ்வளவு தொலைவு செல்வானேன்? கடலோரக் குடியிருப்புகளில் மேல்தளத்துக் காரை பெயர்ந்து விழுவதை நாம் காண்கிறோம். கான்கிரீட்டினுள் உப்பு ஊடுருவியதும் உள்ளிருக்கும் கம்பி துருவாகிறது. துருவானது, அது பிறந்த இரும்பைக் காட்டிலும் இரண்டு மடங்கு முதல் ஆறு மடங்கு வரை இடம் கொள்ளும். உள்ளிருந்தே அது நெட்டித் தள்ள, கான்கிரீட் வெடித்து உதிர்கின்றது. கீழே தொட்டிலில் குழந்தை உறங்கும் வீட்டில் இது வெறும் விஞ்ஞானச் செய்தியன்று.

மருந்தே நஞ்சான கதை

துருவைத் தடுக்கும் இரசாயனங்கள் முன்பே இல்லாமலில்லை. அவற்றுள் நெடுங்காலம் முதலிடம் பெற்றிருந்தவை குரோமேட் உப்புகள். மிகச் சிறிய அளவிலேயே எஃகின் மேல் உறுதியான படலத்தை உண்டாக்கும் ஆற்றல் அவற்றுக்கு உண்டு. ஆனால், அவற்றிலுள்ள ஆறிணைதிறக் குரோமியம் புற்றுநோயை விளைவிக்கும் நஞ்சு என்பது ஐயமற நிறுவப்பட்டிருக்கிறது. தோலில் பட்டால் ஆறாத புண். மூச்சில் சென்றால் நுரையீரலுக்குக் கேடு.

இதன் கொடுமையை அறிய நாம் வெளிநாடு செல்ல வேண்டியதில்லை. இராணிப்பேட்டையில் குரோமேட் உப்புகளைத் தயாரித்து வந்த ஓர் ஆலை 1990களின் நடுவில் மூடப்பட்டது. அது விட்டுச் சென்ற கழிவு ஓர் இலட்சம் டன்னுக்கும் மேல். ஒரு சிறு குன்று போல் குவிந்தது. மழை பெய்யும்போதெல்லாம் நஞ்சு கரைந்து மண்ணிலும் நிலத்தடி நீரிலும் இறங்கிற்று. ஆலை மூடிப் பல்லாண்டுகள் சென்ற பின்னும் சுற்றுப்புற மக்களை அந்தக் குவியல் விடவில்லை.

மற்றொரு மருந்து நைட்ரைட் உப்பு. கடைசல் இயந்திரங்களில் உளியைக் குளிர்விக்க ஊற்றும் பால் போன்ற எண்ணெய்க் கரைசலில் துருத் தடுப்புக்கென்று இதனைச் சேர்த்து வந்தனர். அதே கரைசலிலுள்ள அமீன்கள் என்னும் பொருள்களோடு இது சேரும்போது, புற்றுநோய்க்குக் காரணமாகக் கூடிய நைட்ரோசமீன்கள் உண்டாகின்றன எனப் பின்னர் தெரியவந்தது. நாள் முழுதும் அக்கரைசலில் கை நனைத்து நிற்கும் தொழிலாளியை நினைத்துப் பாருங்கள். பல நாடுகள் இச்சேர்க்கையைத் தடை செய்தன அல்லது கட்டுப்படுத்தின. எஃகைக் காப்பதற்காக மனிதனை அரித்தால், அதைத் தொழில் முன்னேற்றம் என்று எப்படிச் சொல்வது? தீங்கற்ற பொருள்களை நாடி விஞ்ஞானிகள் செடிகொடிகளின் பக்கம் திரும்பியதற்கு இதுவே தலையாய காரணம்.

இலைச்சாறு என்ன செய்கிறது?

எஃகுத் தகடுகளின் மேலுள்ள செதிளை நீக்க ஆலைகளில் அவற்றை அமிலத் தொட்டியில் அமிழ்த்துவார்கள். அமிலம் செதிளைத் தின்ற பிறகு நல்ல எஃகையும் தின்னத் தொடங்கும். அதைத் தடுக்கத் தவிடு, சர்க்கரைப் பாகுக் கழிவு, தாவர எண்ணெய் முதலியவற்றைத் தொட்டியில் கலக்கும் வழக்கம் மேலை நாடுகளில் 19ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது. 1930இல் செலண்டைன் என்னும் ஐரோப்பியச் செடியின் சாறும் வேறு சில மூலிகைச் சாறுகளும் இதற்குப் பயன்பட்டன. பின்னர் செயற்கை இரசாயனங்கள் பெருகவே, இவை மறக்கப்பட்டன. இப்போது மீண்டும் நினைவுக்கு வந்துள்ளன.

அண்மைக் காலத்தில் நம் வீட்டுக் கொல்லையில் காணும் செடிகள் பலவும் ஆய்வுக்கூடங்களில் ஏறியிருக்கின்றன. வாரணாசியிலுள்ள ஆய்வாளர்கள் 2010ஆம் ஆண்டில் கறிவேப்பிலைச் சாற்றைப் பற்றிய முடிவுகளை வெளியிட்டனர். ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலும் கந்தக அமிலத்திலும் மென் எஃகு அரிக்கப்படுவதை அச்சாறு பெருமளவில் தடுத்ததாக அவர்கள் கண்டனர். எகிப்து நாட்டில் 2005இல் மருதாணி இலைச்சாறு இவ்வாறே சோதிக்கப்பட்டது. வேம்பு, கீழாநெல்லி ஆகியவற்றின் சாறுகளையும் பல நாட்டினர் ஆய்ந்துள்ளனர்.

சோதனை செய்யும் முறை மிக எளிது. உயர்நிலைப் பள்ளி மாணவனும் புரிந்துகொள்ளத் தக்கது. ஒரே அளவுள்ள இரண்டு எஃகுத் துண்டுகளைத் தேய்த்து மெருகேற்றித் துல்லியமாக எடை போடுவர். ஒன்றை வெறும் அமிலத்திலும், மற்றொன்றைச் சாறு கலந்த அமிலத்திலும் குறித்த நேரம் வைத்தெடுத்து மீண்டும் எடை போடுவர். முதல் துண்டு 100 மில்லி கிராம் இழந்து, இரண்டாவது 10 மில்லி கிராம் மட்டுமே இழந்ததென்று வைத்துக்கொள்வோம். அப்போது அச்சாற்றின் தடுப்புத் திறன் 90 விழுக்காடு. இதனோடு மின்னோட்டத்தை அளந்தும் முடிவைச் சரிபார்ப்பார்கள்.

சாறு எவ்வாறு தடுக்கிறது? இலைகளில் ஆல்கலாய்டு, டானின், பிளேவனாய்டு போன்ற எண்ணற்ற கூட்டுப்பொருள்கள் உள்ளன. இவற்றின் மூலக்கூறுகளில் நைட்ரஜன், பிராணவாயு, கந்தகம் முதலிய அணுக்கள் அமைந்திருக்கும். அவ்வணுக்கள் தம்மிடமுள்ள உபரி எலெக்ட்ரான்களைக் கொண்டு இரும்பின் பரப்பைப் பற்றிக்கொள்கின்றன. கூட்டமான வாசலில் பங்கு மக்கள் தோளோடு தோள் நின்றால் வெளியார் நுழைய இடமிராதல்லவா? அதுபோல் இம்மூலக்கூறுகள் எஃகின் மேல் நெருங்கி நின்று, அமிலமும் நீரும் அணுகாதபடி மறைக்கின்றன. இந்தப் போர்வையின் கனம் பெரும்பாலும் ஒரு மூலக்கூறு அளவுதான். வெப்பம் ஏறினால் சாதாரணமாக இப்பிடி தளர்ந்து விடும் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

ஆவாரையும் கடுக்காயும்

இவற்றுள் டானின் என்னும் துவர்ப்புப் பொருள் தனிச் சிறப்புடையது. இல்லத்தரசிகள் இதன் வேலையை நாள்தோறும் காண்கிறார்கள். வாழைப்பூவையோ வாழைக்காயையோ இரும்பு அரிவாள்மணையில் நறுக்கினால், அரிவாளும் காயும் விரலும் கறுத்து விடுகின்றன. காயிலுள்ள துவர்ப்பு இரும்போடு சேர்ந்து கருநீலப் பொருளாக மாறுவதே காரணம். இதற்கு இரும்பு டானேட் என்று பெயர். இது நீரில் எளிதில் கரைவதில்லை.

நம் முன்னோர் இந்த இரகசியத்தை வேறு வகையில் பயன்படுத்தினர். கடுக்காயில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு டானின். கடுக்காய்க் கஷாயத்தில் நனைத்த துணியின் மேல், இரும்புத் துண்டுகளை வெல்ல நீரில் ஊறப்போட்டுப் புளிக்க வைத்த நீரால் எழுதினால் அழியாத கறுப்பு வரும். கலம்காரி ஓவியர்களின் கறுப்பு இன்றளவும் இவ்வாறே பிறக்கிறது. ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் ஏடுகளை எழுதிய மையும் இதே வகையானதுதான். துறவியர் மடங்களில் அமர்ந்து எழுதிய கைப்பிரதிகளில் பல இன்றும் தெளிவாகப் படிக்கக் கிடைக்கின்றன.

இதே கறுப்பு, துருவின் மேல் உண்டாகும்போது அது எஃகுக்குக் காவலாகிறது. துருப்பிடித்த பரப்பில் டானின் கரைசலைப் பூசினால், உதிரும் செந்துருவின் ஒரு பகுதி உறுதியான கரிய படலமாக மாறும். கடைகளில் ‘துரு மாற்றி’ என்று விற்கும் பூச்சுகள் பலவற்றில் டானிக் அமிலம் சேர்ந்திருப்பது இதனால்தான். மண்ணைத் தோண்டி எடுக்கும் பழங்கால வாள்களையும் ஆணிகளையும் அருங்காட்சியகங்களில் பாதுகாக்க டானிக் அமிலத்தைக் கையாளுகின்றனர். நீராவி இரயில் எஞ்சின்கள் ஓடிய நாளில், கொதிகலன் நீரிலுள்ள பிராணவாயுவை அகற்றவும் மரப்பட்டை டானினைச் சேர்த்தார்கள்.

சாலையோரத்தில் மஞ்சள் பூத்து நிற்கும் ஆவாரஞ்செடியின் பட்டையிலும் டானின் மிகுதி. சென்னையிலிருந்து கப்பலேறிப் புகழ்பெற்ற தோல்கள் இப்பட்டையால் பதனிடப்பட்டவையே. இச்செடிக்கும் தமிழகத்து எஃகுக்கும் இன்னொரு பழைய உறவும் உண்டு. சேலம் பகுதியில் உலகம் போற்றிய உருக்கு எஃகைச் செய்தவர்கள், மண் மூசையில் தேனிரும்போடு ஆவாரங்குச்சியை இட்டு, எருக்கிலையால் மூடி, உலையிலேற்றினர் என 19ஆம் நூற்றாண்டின் ஆங்கிலேயர் குறிப்புகள் கூறுகின்றன. அங்கு ஆவாரை செய்த வேலை துருத் தடுப்பன்று. இரும்புக்கு வேண்டிய கரியை ஊட்டி எஃகாக்குவதாகும். இரண்டையும் ஒன்றெனக் குழப்புதல் கூடாது. எனினும் செடியையும் உலோகத்தையும் இணைத்துப் பார்க்கும் அறிவு இம்மண்ணுக்குப் புதிதன்று என்பது இதனால் விளங்கும்.

எண்ணெயும் முந்திரி ஓடும்

சாறுகளைக் காட்டிலும் நடைமுறையில் இன்று மிகுதியாகப் பயன்படும் தாவரப் பொருள்கள் எண்ணெய்களே. புதிய தோசைக்கல்லை எண்ணெய் தடவிச் சூடாக்கிப் பழக்குகிறோம் அல்லவா? வெப்பத்தால் அந்த எண்ணெய் கெட்டியான மெல்லிய தோலாக மாறி இரும்பைப் போர்த்துகிறது. பழகிய கல் துருப்பிடிக்காததன் காரணம் இதுவே. புளியும் சோப்பும் போட்டு அழுத்தித் தேய்த்தால் அத்தோல் போய்விடும், துரு வந்துவிடும்.

பேரிங்குகளில் இடும் கிரீசில் பெரும்பகுதி ஆமணக்கு எண்ணெயிலிருந்து கிடைக்கும் ஒரு கொழுப்பமிலத்தை லித்தியத்தோடு சேர்த்துச் செய்யப்படுவது. உலகின் ஆமணக்கு விளைச்சலில் நம் நாடே முதலிடம் வகிக்கிறது. ஆக, உலகெங்கும் சுழலும் சக்கரங்களைத் தேய்விலிருந்தும் துருவிலிருந்தும் காப்பதில் இந்திய உழவனுக்கும் ஒரு பங்குண்டு.

முந்திரிக் கொட்டையின் ஓட்டிலிருந்து வடியும் கரிய எண்ணெய் கையில் பட்டால் பொத்துவிடும். அதனை மரப் படகுகளுக்குப் பூசி மீனவர்கள் புழுவிலிருந்தும் நீரிலிருந்தும் காத்தனர். அதே எண்ணெயிலிருந்து எடுக்கும் கார்டனால் என்னும் பொருள் இன்று கப்பல்களுக்குப் பூசும் எபாக்சி வர்ணங்களை இறுகச் செய்யப் பயன்படுகிறது. ஈரம் முற்றிலும் உலராத எஃகின் மேலும் இவ்வகைப் பூச்சு நன்கு பிடிக்கும். பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்புக்கும் கடலில் மிதக்கும் எஃகுக் கப்பலுக்கும் இப்படியொரு தொடர்பு!

குறைகளையும் பார்ப்போம்

இவ்வளவும் கேட்டபின், ‘அப்படியானால் ஏன் எல்லாப் பட்டறைகளிலும் இலைச்சாறு வரவில்லை?’ என்று வாசகர்கள் கேட்பது நியாயம். அதற்கு விடை கூறாமல் விட்டால் இக்கட்டுரை அரை உண்மையாகிவிடும்.

முதலாவதாக, மேலே கூறிய இலைச்சாற்றுச் சோதனைகளில் பெரும்பாலானவை அமிலக் கரைசலில் நிகழ்ந்தவை. சில மணி நேரம் அமிலத்தில் கிடந்த எஃகைக் காத்த சாறு, மாதக் கணக்கில் கடற்காற்றில் நிற்கும் எஃகையும் காக்கும் என்று சொல்ல முடியாது. இரண்டும் வேறு வேறு களங்கள். சாறு கரைந்திருக்கும் நீரை விட்டு எஃகை வெளியே எடுத்ததும் அந்த மெல்லிய போர்வை நெடுநாள் நிலைக்காது.

இரண்டாவதாக, இலையின் குணம் மண்ணுக்கு மண், பருவத்துக்குப் பருவம் மாறும். ஆடியில் பறித்த வேப்பிலையும் தையில் பறித்த வேப்பிலையும் ஒன்றல்ல. ஆலைக்கு வேண்டுவதோ என்றும் மாறாத தரம்.

மூன்றாவதாக, சாறு கெட்டுப்போகும். பூஞ்சை பிடிக்கும், புளிக்கும். புளித்த சாற்றின் அமிலம், காக்க வேண்டிய எஃகையே அரிக்கத் தொடங்கும்.

நான்காவதாக, இலையிலிருந்து சாறு எடுப்பதற்குச் சில வேளைகளில் நச்சுத்தன்மையுள்ள கரைப்பான்களைப் பயன்படுத்துகின்றனர். பெயர் இயற்கை, வழி இயற்கையன்று. அன்றியும், உணவுக்கும் மருந்துக்கும் வேண்டிய செடியை ஆலைக்குத் திருப்பினால் ஏழையின் அடுப்பங்கரையே விலை கொடுக்க நேரிடும். எனவே உதிர்ந்த இலை, கழித்த தோல், எறிந்த ஓடு ஆகியவற்றை நாடுவதே அறமும் அறிவும் ஆகும்.

ஆகையால், கறிவேப்பிலையை அரைத்துக் கதவில் பூசினால் துரு வராது என்று எவரேனும் சொன்னால் நம்ப வேண்டா. அமிலத் தொட்டிகளிலும், துரு மாற்றிகளிலும், எண்ணெய்ப் பூச்சுகளிலும் தாவரப் பொருள்களுக்கு உறுதியான இடம் உண்டு. மற்றவை இன்னும் ஆய்வின் படியில் நிற்கின்றன.

அந்த ஆய்வுக்கு நம் மாநிலமே ஒரு நிலைக்களம் என்பது மகிழ்ச்சிக்குரியது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்க, காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்திற்கு 1948 ஜூலை 25இல் பண்டித நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14இல் டாக்டர் இராதாகிருஷ்ணன் அதனைத் திறந்து வைத்தார். கடற்காற்றில் உலோகங்கள் படும் பாட்டை ஆராய மண்டபத்தில் இந்நிலையத்திற்கு ஒரு சோதனைக் களமும் உண்டு. கான்கிரீட்டினுள் வைக்கும் கம்பிகளுக்குச் சிமெண்டும் பாலிமரும் கலந்த காப்புப் பூச்சை வகுத்துத் தந்ததும் இந்நிலையமே.

இன்றே செய்யத் தக்கவை

விஞ்ஞானிகள் தங்கள் பணியைச் செய்யட்டும். நாம் நம் அளவில் செய்யத் தக்கவை சில உள.

கடைசல் பட்டறை நடத்துவோர், கடைந்த பாகத்தை வெறுங்கையால் தொடாமல், குளிர்விப்புக் கரைசலைத் துடைத்து உலர்த்தி, அன்று மாலையே துருத் தடுப்பு எண்ணெய் பூசி மூடி வைக்க வேண்டும். தேங்காய் எண்ணெயை நீண்ட நாள் காப்புக்கு நம்பலாகாது. அது சிக்கேறினால் அதிலுள்ள அமிலமே கறையை உண்டாக்கும். எண்ணெய்க் கரைசல் வாங்கும்போது, அதில் நைட்ரைட்டு உண்டா என்று கேட்டு வாங்குங்கள். உங்கள் தொழிலாளியின் கையும் உங்கள் பட்டறையின் கருவிதான். அதைக் காட்டிலும் விலை மதிப்புள்ளதுமாகும்.

மீன்பிடிக்கும் குடும்பத்தினர், கரை திரும்பியதும் படகு எஞ்சினை நன்னீரால் கழுவி, உள்ளேயும் நன்னீர் ஓடச் செய்ய வேண்டும். நன்னீருக்கே தட்டுப்பாடுள்ள குப்பத்தில் இது எளிதன்று என்பதை அறிவோம். ஆயினும் ஒரு குடம் நீர் பல ஆயிரம் ரூபாய்ச் செலவைத் தடுக்கும்.

வீட்டார், சன்னல் கம்பியிலும் கதவிலும் படியும் உப்பை வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி விடுங்கள். துருவைக் கம்பித் தூரிகையால் சுரண்டிய பின் டானின் கலந்த துரு மாற்றியைப் பூசி, அது கறுத்து உலர்ந்ததும் அதன்மேல் வர்ணம் பூசுங்கள். வர்ணமின்றி விட்டால் பயனில்லை. புளியால் துருவைத் தேய்த்து எடுத்தால், நன்கு கழுவி உடனே துடைத்து எண்ணெய் தடவுங்கள். இல்லையேல் மறுநாளே முன்னிலும் மிகுந்த துரு காண்பீர்கள். கழிவறை கழுவும் ஆசிட்டை இரும்புப் பொருள்களின் அருகே திறந்து வைக்காதீர்கள்; அதன் ஆவியே துருவை வளர்க்கும். மேல்தளத்தில் விரிசலும் செந்நிறக் கறையும் தோன்றினால் சுண்ணாம்பு பூசி மறைக்காமல் உரியவர்க்கு எழுத்தில் தெரிவியுங்கள். கறை என்பது உள்ளே கம்பி அழிவதன் முன்னறிவிப்பு.

பாலிடெக்னிக்கிலும் பொறியியற் கல்லூரியிலும் பயிலும் நம் பிள்ளைகளுக்கு இத்துறையில் நல்ல வேலை காத்திருக்கிறது. விலையுயர்ந்த கருவிகள் இல்லாமலே தொடங்கத் தக்க ஆராய்ச்சி இது. அமிலத்தில் அன்று, நம் கடற்காற்றிலேயே ஓராண்டு வைத்துச் சோதிக்க வேண்டும். நான்கு எஃகுத் துண்டுகளும், துல்லியமான தராசும், பொறுமையும் போதும். பட்டினப்பாக்கத்துக் கடற்காற்று கட்டணமின்றி ஆய்வுக்கூடமாக உதவும். இங்கே தாங்கி நிற்கும் ஒரு பூச்சைத் தம் ஊர்ப் பட்டறைக்காரர் கையில் கொடுக்கும் மாணவன், தன் படிப்பின் பயனைக் கண்டவனாவான்.